வேரக்கா

கோலிக்குண்டு அறையின் நடுவிலிருந்து கிளம்பியது. சற்று நின்று, மனதை மாற்றிக்கொண்டதுபோல ஜன்னல் பக்கம் திரும்பி, வேகம் பிடித்து, பீரோவுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. வேரக்கா தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அது போன வழியைப் பார்த்தார். இன்ஜினீயர் வருகிறார் என்று காலையிலிருந்து கூட்டித் துடைத்து வீட்டைப் பளபளப்பாக்கி வைத்திருந்த வீட்டுக்காரம்மா, வந்த இன்ஜினீயர் தலை நரைத்த வயதில் கீழே படுத்துக் கோலி விளையாடுவதைக் கண்டு கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"என்னம்மா தெரியுது?" என்று கடைசியில் கேட்டேவிட்டார்.

"பீரோவுக்கு அடியில ஒரு ஹேர்பின்னும் ரெண்டு பேனா மூடியும் தெரியுது. வீடு ஜன்னல் பக்கமா சாயுதுன்னும் தெரியுது. அதுக்கு யாரு காரணம்னுதான் இன்னும் தெரியல" என்றபடியே வேரக்கா முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

வீட்டுக்காரம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டு மரம்தான். பேசும்போதே ஜன்னல் வழியாக விரலை நீட்டி அதைக் காட்டிக் கொடுத்தார். வேரக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் போகிற வீடுகளில் குற்றவாளி எப்போதுமே பக்கத்து வீட்டு மரம்தான். தன் வீட்டு மரம் குற்றம் செய்ததாக யாரும் இதுவரை அவரைக் கூப்பிட்டு அனுப்பியதில்லை.

அவருடைய தொழில் இதுதான். சுவர் விரிசல் விட்டு வீடு ஒரு பக்கம் இறங்கினால், அருகில் நிற்கிற மரம் அதற்குக் காரணமா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். களிமண் பூமி மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அந்த மண்ணில் நிற்கிற மரம் கோடைத் தாகத்துக்கு ஆழத்துத் தண்ணீரையும் இழுத்துக் குடிக்கும்போது மண் இன்னும் கொஞ்சம் சுருங்கிப்போகும். மேலே உட்கார்ந்திருக்கிற அஸ்திவாரம் அந்தப் பக்கமாகக் கீழே இறங்கும், சுவர் வாயைப் பிளக்கும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதே விரிசலை ஒழுகுகிற சாக்கடைக் குழாயும் உண்டாக்கும், அரைகுறையாகப் போட்ட அஸ்திவாரமும் உண்டாக்கும், ஒன்றுமே இல்லாமல் சுவர்ப்பூச்சு காய்ந்ததாலும் உண்டாகும். எது என்று கண்டுபிடிப்பதற்குள் இரண்டு குடும்பங்கள் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்தியிருக்கும்.

அலுவலகத்தில் அவருக்கு நீளமான ஒரு பதவிப் பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. அஸ்திவாரத்தின் ஓரமாகக் குழி தோண்டுகிற ஆள் ஒருவர், மண்ணுக்குள்ளிருந்து மயிரிழை போன்ற வேர்களைப் பொறுக்கியெடுத்து இவர் கைக்குட்டையில் முடிந்துகொள்வதைப் பார்த்து முதலில் 'வேரக்கா' என்றார். அது ஒட்டிக்கொண்டது. அவரைவிட மூத்தவரான மேலாளரே சில சமயம் மறந்துபோய் அப்படித்தான் கூப்பிடுகிறார். கூப்பிட்டுவிட்டு, கூப்பிட்டது கூப்பிட்டதுதான் என்று கோப்பில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் வேரக்கா முதலில் கேட்பது பாத்ரூம் எங்கே என்பதுதான். பாவம், வெயிலில் அலைகிற பெண்பிள்ளை என்று எல்லாரும் மரியாதையாக வழி காட்டுவார்கள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வடிகிறது, எங்கே போய் வடிகிறது, என்ன வாடை அடிக்கிறது என்று பார்த்துவிட்டு வெளியே வருவார். பிறகு வீட்டிலுள்ள எல்லாக் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவார். எது எங்கே உரசுகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்பார். "மனுஷங்க சொல்றதை அப்புறமா கேட்டுக்கலாம். கதவு என்ன சொல்லுதுன்னு மொதல்ல பார்த்துரணும்" என்பார். மதியச் சாப்பாட்டை எந்த வீட்டிலும் சாப்பிட மாட்டார். டப்பாவை எடுத்துக்கொண்டு, குற்றம் சாட்டப்பட்ட மரத்தின் நிழலிலேயே போய் உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை வீட்டுக்காரர் ஒருவர் இதற்குக் கோபித்துக்கொண்டார். "அதுவும் தன் பக்கத்தைச் சொல்லணும்ல சார்" என்று சொல்லிவிட்டு இவர் டப்பாவைத் திறந்தார்.

கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். தோண்டியெடுத்த வேர் உயிருள்ளதா, என்றோ செத்துப்போனதா என்று பார்க்க அதை நறுக்கி ஒரு சொட்டு அயோடின் விட வேண்டும். கறுநீலமாக மாறினால் உயிரோடு இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வேர். இந்த வேலையைச் சாப்பாட்டு மேசையில்தான் செய்வார். "அவனவன் பொண்டாட்டி தலைவலி மாத்திரை கேக்குறா. என் பொண்டாட்டி பாட்டில் பாட்டிலா அயோடின் கேக்குறா. கடைப் பையன்கள் என்னை ஒரு மாதிரியா பார்க்கிறாங்க" என்று கணவர் புலம்புவார். ஆனாலும் பாட்டில் தீர்ந்துபோகும் முன்பே அடுத்ததைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்.

இப்படி அலுவலகத்திலிருந்து குழி தோண்டுகிறவர்வரை ஊரே அக்கா என்று கூப்பிடுகிறது. அப்படிக் கூப்பிடப் பிறந்தவள் ஒருத்திதான். அவள் கூப்பிட்டு வருஷக்கணக்கில் ஆகிறது.

தங்கையும் அவள் கணவரும் ஒரு மனை வாங்கி வீடு கட்டினார்கள். மனையின் பின்பக்கம் பெரிய தைலமரம் ஒன்று முன்பே நின்றுகொண்டிருந்தது. அதன் நிழல் பிடித்துப்போய்த்தான் அந்த மனையையே வாங்கினார்கள். தங்கையின் கணவர் வேலை முடிந்து வந்து, எழும்பிக்கொண்டிருந்த சுவர்களுக்குத் தினமும் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றினார். குடிபோய்க் கொஞ்ச நாளில் சமையலறைச் சுவரில் மெல்லிய விரிசல் ஒன்று ஓடியது. தங்கை போன் செய்தாள். "அக்கா, ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போயேன்."

வேரக்காவுக்குத் தொழிலில் பெயர் வரத் தொடங்கியிருந்த நேரம். விடுமுறை நாளில் கணவரோடு விருந்துக்குப் போனார். கையில் தட்டோடு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்தார். ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார். "தைலமரமா? இருக்கிற தண்ணியெல்லாம் குடிச்சுத் தீர்த்துரும். வெட்டிருங்க" என்று சொல்லிவிட்டு வந்து, தட்டை நீட்டி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். குழி தோண்டவில்லை. கதவுகளைத் திறந்து மூடவில்லை. மழைக்காலம் வரை பொறுத்துப் பார்ப்போம் என்றும் சொல்லவில்லை. அடுத்தவர் வீடாக இருந்திருந்தால் இதில் ஒன்றையும் விட்டிருக்க மாட்டார். தங்கை வீட்டில் அதெல்லாம் எதற்கு என்றிருந்துவிட்டார்.

அவர்கள் மறுபேச்சுப் பேசாமல் மரத்தை வெட்டினார்கள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அந்த மரம் வீட்டுக்கு வெகுகாலம் முன்பே அங்கே நின்றது. அது குடித்துக் குடித்துக் காய்ந்து இறுகியிருந்த மண்ணின் மேல்தான் வீட்டைக் கட்டியிருந்தார்கள். குடிக்க மரம் இல்லாமல் போனதும், பெய்த மழையெல்லாம் மண்ணிலேயே தங்கியது. களிமண் ஊத ஆரம்பித்தது. முதலில் சமையலறைத் தரை மேடு தட்டியது. பிறகு கதவுகள் இறுகின. பிறகு சுவர்கள் அடியிலிருந்து மேல்நோக்கிப் பிளந்தன. முதலில் பார்த்த விரிசல் வெறும் பூச்சு காய்ந்த விரிசல்தான் என்பது அதற்குள் வேரக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மண் ஊதுவது ஒரு மழையோடு நிற்கிற காரியமில்லை. ஒவ்வொரு மழைக்கும் வீடு இன்னும் கொஞ்சம் உடைந்தது. கடைசியில் அதை மண் விலைக்குக் கொடுத்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போனார்கள்.

தங்கை சண்டை போடவில்லை. சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "மத்தவங்க வீடா இருந்தா இன்னொரு தடவை வந்து பார்த்துட்டுச் சொல்லியிருப்பே."

பிற்பாடு வேரக்கா அந்த வாடகை வீட்டுக்கே மன்னிப்புக் கேட்கப் போனார். தங்கையின் கணவர் கதவைத் திறந்து நாற்காலி போட்டு, பிள்ளைகளைப் பற்றியெல்லாம் விசாரித்தார். தங்கை சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. சில வருஷம் கழித்து அந்த மனிதர் நெஞ்சுவலியில் போய்விட்டார். அன்றைக்கு வந்தவர்களையெல்லாம் கட்டிக்கொண்டு அழுத தங்கை, அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது அழுகையை நிறுத்திக்கொண்டாள். வேரக்கா அவள் கையைப் பிடித்தார். அந்தக் கை பிடிபட்ட இடத்தில் சும்மா கிடந்தது. உதறித் தள்ளியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிற்பாடு கணவரிடம் சொல்லி அழுதார்.

அதிலிருந்துதான் வேரக்கா எந்த வீட்டிலும் ஒரே தடவை பார்த்துவிட்டு வாயைத் திறப்பதில்லை. பாத்ரூமைப் பார்த்துவிட்டு வந்ததும் கேட்கிற முதல் கேள்வியும் அதிலிருந்துதான் வந்தது. "மரம் முதல்ல வந்துச்சா, வீடு முதல்ல வந்துச்சா?" பலருக்குத் தெரியாது. தெரியாதவர்களை அவர் விடுவதில்லை. தெருவில் வயதானவர்களாகப் பார்த்து விசாரிப்பார், பழைய புகைப்படங்களை எடுத்துவரச் சொல்லி, கல்யாணக் கோஷ்டிக்குப் பின்னால் ஒரு கிளையாவது தெரிகிறதா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார்.

பல் டாக்டர் ஒருவரின் புகார் மேசைக்கு வந்தபோது வேரக்கா முகவரியைப் படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். தங்கை அந்தத் தெருவில்தான் ஒரு சின்ன வீடு வாங்கிக் குடிவந்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தெரு வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து போய், எங்கேயும் இறங்காமல் அப்படியே திரும்பி வந்த நாட்கள் உண்டு. மருந்துக்கடைக்காரருக்கும் இது தெரியும். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று அந்த நாட்களில் மட்டும் கேட்க மாட்டார்.

புகாரில் இருந்தது தங்கை வீட்டு அத்திமரம். நேராக மேலாளரிடம் போனார். "சார், அந்த மரம் என் தங்கச்சியோடது. நான் போறது முறையில்ல." வேர் பார்க்க வேறு ஆள் இல்லை என்றார் மேலாளர். அளந்துகொண்டு வருவது மட்டும் இவர் வேலை, முடிவு எழுதிக் கையெழுத்துப் போடுவது தன் வேலை என்று பிரித்துக் கொடுத்தார். தங்கை வீடென்றால் டீயாவது கிடைக்குமே என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார். வேரக்கா ஒப்புக்குச் சிரித்துவைத்தார்.

பல் டாக்டரின் வீட்டு முன்னறைதான் அவருடைய கிளினிக். நோயாளிகள் வாய் கொப்பளித்துத் துப்புகிற தொட்டியில் தண்ணீர் நடுவில் வடியாமல் ஒரு பக்கமாகவே தேங்கி நின்றது. சுவரில் ஆரம்பித்த விரிசல் கூரை வரைக்கும் ஏறியிருந்தது. அதைச் சரியாகப் பார்க்க வேரக்கா நோயாளி நாற்காலியிலேயே சாய்ந்து படுத்துக்கொண்டு, தலைக்கு மேல் விளக்கைத் திருப்பச் சொன்னார். டாக்டர் பழக்கதோஷத்தில், "வாயைத் திறங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நல்ல மனிதர்தான். பக்கத்து வீட்டு அம்மாவிடம் பலமுறை சொல்லிப் பார்த்ததாகவும், அவர் பேசவே மாட்டேன் என்கிறார் என்றும் குறைப்பட்டுக்கொண்டார்.

"யாருகிட்டயுமேயா?" என்று வேரக்கா கேட்டுவிட்டார். கேட்டபிறகுதான் இது இன்ஜினீயர் கேட்கிற கேள்வி இல்லை என்று தோன்றியது.

"எல்லார்கிட்டயும் நல்லாத்தான் பேசுவாங்க. மரத்தை வெட்டுறதைப் பத்தி எடுத்தா மட்டும் எழுந்து உள்ளே போயிடுவாங்க."

எல்லாரிடமும் நன்றாகப் பேசுகிறாள் என்பது கேட்க ஆறுதலாக இருந்தது. அதுவே சுருக்கென்றும் தைத்தது.

அத்தியை யாரும் நட்டு வளர்க்கவில்லை. ஏதோ பறவை போட்ட விதை மதிலுக்குச் சற்றுத் தள்ளித் தானாக முளைத்திருக்கிறது. பிடுங்கிப் போடுங்கள் என்று பலர் சொல்லியும் தங்கை அதைத் தொடவிடவில்லை. சந்தேகப்பட இன்னொரு மரமும் இருந்தது. தெரு முனையில், கிளினிக்குக்கு அந்தப் பக்கம், பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று. எந்த மரத்துக்காகவும் மனதுக்குள் வக்காலத்து வாங்கிப் பழக்கமில்லாத வேரக்கா, அன்று அந்தத் தூங்குமூஞ்சி மரத்தை அண்ணாந்து பார்த்து, நீயாக இருந்துவிடேன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

விரிசலின் இரு பக்கமும் பித்தளைக் குமிழ்களை ஒட்டி, அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தைக் காலிப்பரால் அளந்தார். இதற்குப் பருவம் முழுக்கத் திரும்பத் திரும்ப வர வேண்டும். கோடையில் விரிந்து மழையில் மூடினால் மரம். எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் வேறு ஏதோ. மற்ற வீடுகளில் இதற்குக் காலையில் ஒரு நடை போய்விட்டுச் சீக்கிரம் திரும்பிவிடுவார். இங்கே மட்டும் குழாயில் சாயத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க ஒரு நாள், அது எங்கேயும் ஒழுகவில்லை என்று உறுதிப்படுத்த இன்னொரு நாள், குழிக்கு இடம் பார்க்க மற்றொரு நாள் என்று வேலை நீண்டுகொண்டே போயிற்று. குழி தோண்டுகிறவருக்கே அலுத்துவிட்டது. "வேரக்கா, இந்த வீட்டுக்கு நம்ம ரெண்டு பேரையும் தத்துக் கொடுத்துட்டாங்களா?" என்றார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கை இருந்தாள். துணி பிழிகிற சத்தம் கேட்கும். மூன்று முறுக்கு முறுக்கி ஒரு உதறு உதறுவாள். சின்ன வயதில் பக்கத்தில் நிற்கிறவர் முகத்தில் தண்ணீர் தெறிக்கும் என்று அவளோடு துணி துவைக்கவே வேரக்கா பயப்படுவார். அந்த உதறு அப்படியே இருந்தது. போனில் யாரையோ செல்லமாகத் திட்டுவாள். தொண்டையைச் செருமுவாள். ஒருநாள் மதில் மேலாகத் தலை தெரிந்தது. முன்பக்கம் முழுக்க நரைத்திருந்தது, அம்மாவுக்கு நரைத்த அதே இடத்தில். இரண்டு பேரின் கண்களும் சந்தித்தன. தங்கை கொடியில் போட்ட துணியைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள். அன்று காலிப்பர் காட்டிய அளவை வேரக்காவால் உடனே குறித்துக்கொள்ள முடியவில்லை. மறுபடியும் அளக்க வேண்டியிருந்தது.

சில நாட்கள் அளக்கிற சாக்கில் மதிலுக்கு முதுகைக் கொடுத்து வெறுமனே நின்றுகொண்டிருப்பார். அவள் பேசுவது தெளிவாகக் கேட்காது. குரல் மட்டும் வரும். அது போதும் என்று இருந்தது. போதும் என்று நினைத்து வீட்டுக்கு வந்தால், சாப்பிட உட்காரும்போது போதாது என்று தெரியும். என்ன சாப்பிட்டாலும் அன்று வயிறு நிறைவதில்லை.

கிளினிக்கின் சுவர் மழையில் மூடிக்கொண்டது, வெயிலில் திறந்தது. குழியில் மண் ரஸ்க் போலக் காய்ந்து உதிர்ந்தது. அதற்குள்ளிருந்து எடுத்த வேர்களைக் கல்லூரியில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர், தூங்குமூஞ்சியின் வேர் அதில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் அத்தி என்று சொல்லி அனுப்பினார். வேரக்கா அன்று சாப்பாட்டு மேசையில் மிச்சமிருந்த வேரை நறுக்கி, அயோடின் சொட்டு விட்டார். கறுநீலமாயிற்று. நம்பாமல் இன்னொன்றை நறுக்கினார். அதுவும் அப்படியே.

"ஆபீஸ்லேருந்து லெட்டர் போயிடுமே, நீ எதுக்குப் போகணும்?" என்றார் கணவர்.

"போன தடவை சாப்பிட்டுக்கிட்டே சொன்னேன். இந்தத் தடவை நின்னு சொல்றேன்" என்றார் வேரக்கா.

முடிவு எழுதும்போது மேலாளர் இரண்டு வழி சொன்னார். டாக்டரின் வீடு பழையது, மரம் பிற்பாடு வந்தது. அதனால் வெட்டினாலும் மண் ஊதி வீட்டைத் தூக்கும் பயமில்லை. வெட்ட மனமில்லை என்றால், மரத்துக்கும் மதிலுக்கும் நடுவில் ஆழமாகப் பள்ளம் எடுத்து வேர் தாண்டாதபடி கான்கிரீட் தடுப்பு இறக்கலாம், வருஷா வருஷம் கிளையைக் கழித்து மரத்தின் தாகத்தைக் குறைக்கலாம். ஆனால் அது நிச்சயமான வைத்தியமில்லை. சுவர் அசையாமல் இருக்கிறதா என்று பருவத்துக்குப் பருவம் ஒருவர் போய் அளந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படி அளக்கப் போகிறவர் தானாகத்தான் இருக்கும் என்பது வேரக்காவுக்கு உடனே உறைத்தது. அதனாலேயே, இரண்டில் எது நல்லது என்று மேலாளர் கேட்டபோது, மரத்துக்காரங்க சொல்லட்டும் சார் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். தொட்டித் தண்ணீர் நடுவில் வடிந்தால் போதும், எந்த வழியானாலும் சரி என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

தங்கைதான் கேட்டைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவை விட்டுவிட்டு வாசல்படியில் போய் நின்றுகொண்டாள். என்னவெல்லாமோ பேச வேண்டும் என்று வழிநெடுக யோசித்து வந்தது அத்தனையும் வேரக்காவுக்கு மறந்துபோயிற்று.

"உன் மரம்தான்" என்றார்.

"வெட்டணுமா?"

தன்னைப் பார்த்து அந்தக் குரல் கேட்டு எத்தனை காலமாயிற்று. வேரக்கா பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டார். வெட்டலாம், வெட்டாமலும் பார்க்கலாம் என்றார். தங்கை மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எது முதல்ல வந்துச்சுன்னு பார்த்தியா?" என்று கேட்டாள்.

வேரக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எல்லார் வீட்டுலயும் அதைத்தான் முதல்ல கேக்குறியாமே. என்கூட வேலை பார்க்கிறவங்க வீட்டுக்கு விரிசல் பார்க்கப் போயிருந்தியாம். வந்து சொன்னாங்க." இதைச் சொல்லும்போதும் தங்கை திரும்பிப் பார்க்கவில்லை.

"வீடுதான் முதல்ல. விசாரிச்சுட்டேன். குழி தோண்டிப் பார்த்தேன். வெயில்லயும் வந்தேன், மழையிலயும் வந்தேன்."

"தெரியும். பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

அக்கா என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. அதை எதிர்பார்த்து வேரக்கா வரவில்லை என்று சொன்னால் அது பொய். அன்றைக்கு உன் வீட்டில் என்று அவர் ஆரம்பித்தார். தங்கை கையை லேசாக உயர்த்தி நிறுத்தினாள். வெட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டாள். வேரக்கா பள்ளத்தையும் தடுப்பையும் கிளை கழிப்பதையும் ஒவ்வொன்றாக விளக்கினார். யாருக்கும் சொல்வதைப் போலத்தான் சொன்னார், நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே சொன்னார். தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெட்டவேண்டாம் என்றாள்.

"அப்புறம் வந்து வந்து அளக்கணும்னா, யாரு வருவா?"

நான் வருகிறேன் என்பது நாக்கு நுனிவரை வந்தது. வேரக்கா அதை மென்று விழுங்கினார். வருகிற உரிமையைத் தொலைத்தவர் அதைத் தாமாக எப்படி எடுத்துக்கொள்வது? "ஆபீஸ்லேருந்து யாராவது வருவாங்க" என்றார்.

தங்கை வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவ்வளவுதான் என்று வேரக்கா நினைத்துக்கொண்டார். வந்த வேலையையாவது முடித்துவிட்டுப் போவோம் என்று பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். பள்ளம் எங்கே எடுக்க வேண்டும் என்று குறிக்க, மரத்துக்கும் மதிலுக்கும் உள்ள தூரம் வேண்டும். டேப்பின் கொக்கியை அத்தியின் பட்டையில் மாட்டிப் பார்த்தார். வழுவழுப்பான பட்டை, நிற்கவில்லை. மதில்வரை போவதற்குள் நழுவிச் சடசடவென்று சுருண்டு வந்து அவர் கையிலேயே விழுந்தது. ஒரு கல்லை அண்டக்கொடுத்துப் பார்த்தார். அதற்கும் நிற்கவில்லை. குனிந்து மூன்றாவது முறை மாட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் வெறுங்காலில் யாரோ சருகுகளை மிதித்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது.

தங்கை ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, டேப்பின் நுனியை அவர் விரல்களிலிருந்து வாங்கினாள். மரத்தோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, போய் அள என்பதுபோல் மதில் பக்கம் மோவாயை நீட்டினாள்.

வேரக்கா டேப்பை இழுத்துக்கொண்டே மதில்வரை நடந்தார். வளையாமல், தொய்யாமல் டேப் விறைப்பாக நின்றது. மறுமுனையில் தங்கையின் கை லேசாக அசைவதுகூட இங்கே தெரிந்தது. மதில் தொடுகிற இடத்தில் குனிந்து பார்த்தார். நல்ல வெயில். எண் கறுப்பாகப் பளிச்சென்று தெரிந்தது.

வேரக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துத் தோள்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நம்பர் சரியாத் தெரியல. கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சுக்கோ" என்றார்.